மடித்து ஒட்டிய ஆதாரம்

நூலகப் பாடவேளை எனக்குக் கிடைத்ததற்கு என் படிப்பறிவு காரணமில்லை. அந்த ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்குள் விளையாட்டு, தோட்டம், சத்துணவு மேற்பார்வை என்று எல்லாப் பொறுப்பும் ஆளுக்கொன்றாகப் போயிருந்தது. மிச்சம் கிடந்தவை ஒரு பச்சை இரும்பு அலமாரி, அதற்குள் நூற்றுச் சொச்சம் புத்தகங்கள், யாரோ நன்கொடையாகக் கொடுத்த மூன்று மடிக்கணினிகள். தலைமையாசிரியை சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்து, "நீங்க வாசிக்கிற ஆளுதான சார்" என்றார். டவுன் பஸ்ஸில் நான் பேப்பர் வாசிப்பதைப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கத்தை வாசிக்கிறேன் என்பதைப் பார்க்கவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய தெருவில் இருக்கும் தொடக்கப்பள்ளி அது. ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பாக்கள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், மற்றவர்கள் துறைமுகத்திலும் உப்பளத்திலும் வேலை பார்ப்பவர்கள். நானோ சாத்தான்குளத்துக்காரன். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணற்றை எட்டிப் பார்த்து, அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வோம். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது உப்பாக இருக்கும் என்பது மட்டுமே.

அதை நான் மறைத்து வைத்திருக்கலாம். மாறாக, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வகுப்புச் சுவரில் வரைந்தே காட்டினேன். சொந்தச் செலவில் பெயின்ட் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று, கடலுக்குள் சூரியன் மறைவதாக ஒரு படம். திங்கட்கிழமை பிள்ளைகள் அதன் முன்னால் கூடி நின்றார்கள். ஒருவன் கேட்டான்:

"சார், இது காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம்லே. கலரைப் பார்த்தா தெரியலையா?"

"அப்போ இது நம்ம கடல் இல்ல சார். கேரளாவுல உள்ளது."

நம் கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும், மறைவது ஊருக்குப் பின்னால், தாமிரபரணி வருகிற பக்கம் என்பதை அப்போதுதான் யோசித்தேன். படத்தின் கீழே 'காலைக் காட்சி' என்று எழுதிச் சமாளித்தேன். செய்தி அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. மீன் வாங்கப் போனால், "கடலையே மேக்க தூக்கிட்டுப் போன வாத்தியார் வந்திருக்காவ, நல்ல மீனாப் போடு" என்பார்கள். எனக்கு இந்தப் புகழ் ஒரு நாள் பயன்படும் என்று அப்போது தெரியாது.

நூலக வகுப்பை இணையச் சொற்களிலிருந்து தொடங்கினேன். தேடுபொறி, கடவுச்சொல், இணைப்பு, சேமித்தல், பதிவிறக்கம். பாடப்புத்தகப் பொருளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் காட்டி விளக்குங்கள் என்றேன். இதுவும் என் அறிவுக்கூர்மையால் அல்ல. மூன்று கணினிகளில் இரண்டு அன்று எழுந்திருக்க மறுத்துவிட்டன.

பிள்ளைகள் எழுதித் தந்தவை என் விளக்கங்களைவிட நன்றாக இருந்தன. தேடுபொறி: வள்ளத்தில் கீழே மீன் கிடக்கா பாறை கிடக்கா என்று காட்டும் மிஷின், ஆனால் அது காட்டினாலும் மீன் வரும் என்று சொல்ல முடியாது. பதிவிறக்கம்: கப்பலில் இருந்து கன்டெய்னர் இறக்குவது, பாதியில் கரண்டு போனால் அந்தரத்தில் நிற்கும். சேமித்தல்: அப்பா ஜி.பி.எஸ்ஸில் புள்ளி அடித்து வைப்பது. கடவுச்சொல்லுக்கு ஒருவன், அம்மா போனில் விரலால் போடும் கோலம் என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடவுச்சொல்லுக்கே முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'யாரிடமும் சொல்லக் கூடாதது. அப்பா தூண்டில் போடும் பார் எங்கே இருக்கு என்பது போல.'

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் கூடுவது அங்கேதான். முன்பு முத்துச் சிப்பி கிடந்ததும் அங்கேதான். இவ்வளவும் எனக்குத் தெரியும். அவள் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'உவமை நன்று' என்று எழுதினேன். உவமையை ரசித்தேனே தவிர, அதில் இருந்த செய்தி என் மண்டைக்குள் இறங்கவில்லை. பாதியில் கரண்டு போயிருக்க வேண்டும்.

அடுத்து ஆய்வு. பள்ளிக் கண்காட்சிக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பதில் தேடி, அட்டையில் எழுத வேண்டும். புத்தகம், கணினி, தெரிந்த ஆள் என்று எங்கே வேண்டுமானாலும் தேடலாம். கடைசியில் 'ஆதாரம்' என்று தலைப்பிட்டு, யார் சொன்னது, எங்கே கிடைத்தது என்று எழுதியாக வேண்டும். இந்த ஒரு விதியை நான் வேதம் மாதிரி ஓதினேன். ஆதாரம் இல்லாத செய்தி வதந்தி. ஆதாரம் இல்லையென்றால் மார்க் இல்லை. ஒரே இடத்தில் பார்த்ததை நம்பாதே, இரண்டாவது இடத்திலும் பார். பையன்கள் சாப்பாட்டுப் பந்தியில்கூட, "இன்னைக்கு முட்டை உண்டுன்னு சொல்லுதியே, ஆதாரம் என்னலே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

முதல் பெஞ்சுப் பெண் எடுத்த கேள்வி: பழைய முத்துப் பார்கள் இப்போது எங்கே?

எங்கள் அலமாரியில் அட்டை கழன்ற பழைய புத்தகம் ஒன்று இருந்தது, முத்துக்குளிப்பைப் பற்றியது. கடைசிப் பக்கத்தில் நாலாக மடித்து ஒட்டிய வரைபடம். விரித்தால் மேசை கொள்ளாது. கரையிலிருந்து இவ்வளவு தூரம், இந்தத் திசை என்று பார்களின் பட்டியலும் இருந்தது. ஒரே ஒரு பாருக்கு நேராக மட்டும், ஒரு திசை அடையாளத்தைச் சொல்லிவிட்டு, 'இடம் உறுதியாகத் தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், இவங்களுக்குத் தெரியல. எங்கப்பாவுக்குத் தெரியும்."

"எப்படிச் சொல்லுத?"

"அங்கன தூண்டில் போட்டா சில சமயம் கல்லோட பழைய சிப்பி ஓடு மாட்டி வரும். எல்லாம் செத்த சிப்பி. வீட்டுல ஒரு டப்பா நெறய வச்சிருக்கோம். புத்தகத்துல உள்ள அடையாளமும் அதான். கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கிற திசை."

எனக்குப் புல்லரித்தது. பத்து வயதுப் பிள்ளை, புத்தகம் விட்ட இடத்தை நிரப்புகிறாள். என் பங்குக்கு நான் செய்தது புத்தகத்தின் முதுகில் பசை தடவியது. ஆனாலும் பெருமை எனக்குத்தான் வரும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அவள் அட்டையைக் கொண்டுவந்தபோது படம் அழகாக இருந்தது, எழுத்து குண்டுகுண்டாக இருந்தது. கீழே இப்படி இருந்தது: 'ஆதாரம்: சொல்ல முடியாது.'

"இது என்னளா? இவ்வளவு நேரம் நான் என்ன பாடம் நடத்தினேன்?"

"அப்பா ஜி.பி.எஸ் மிஷின்ல உள்ள புள்ளி சார். முப்பத்தேழாவது. பேட்டரி மாத்தும்போது நான்தான் பார்ப்பேன்."

"அதை எழுது. அந்த எண்ணையும் எழுது. இல்லேன்னா நீ சும்மா சொல்லுதேன்னு ஆகும்."

அவள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் காட்டணுமா சார்?"

"எனக்கு மட்டும் காட்டினாப் போதும்" என்றேன். வேறு ஒரு பையனின் அட்டையில் திமிங்கிலத்துக்கு ஆறு கால் வந்திருந்தது, என் கவனம் அங்கே இருந்தது.

மறுநாள் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். அந்தப் பழைய புத்தகத்தின் மடிப்புப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். 'ஆதாரம்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு தாளை நாலாக மடித்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை போட்டு ஒட்டியிருந்தாள். விரித்தால் உள்ளே பாகை, நிமிடம், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்று முழு எண்ணும் இருந்தது. அப்பா, ஜி.பி.எஸ், புள்ளி 37. நான் விரித்துப் பார்த்தேன். முழு மார்க் போட்டேன். மடித்துக் கொடுத்தேன். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

பதினைந்து நாள் போயிற்று. கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், முப்பத்தொரு அட்டைகளையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் போனில் படம் எடுத்தேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று. அவள் அட்டைக்கு வந்தபோது, அடடா, விரித்துப் பார்க்கும்படி செய்திருக்கிறாளே, மற்றவர்களும் இந்தக் கைவேலையைப் பார்க்கட்டும் என்று, மூடிய நிலையில் ஒன்று, விரித்த நிலையில் ஒன்று என இரண்டு படம் எடுத்தேன். எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து எடுத்தேன். வாக்குக் கொடுத்தவனும் நான், படம் எடுத்தவனும் நான். இரண்டு பேரும் இடையில் சந்தித்துக்கொள்ளவில்லை.

படங்களைக் குழுவில் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். டீ வருவதற்குள் போன் அடித்தது. அந்தப் பெண்ணின் அம்மா.

"சார், பிள்ளையோட படத்தை எடுத்துருங்க."

"ஏம்மா, நல்லாத்தான இருக்கு? ரொம்பத் தெளிவா விழுந்திருக்கே."

"தெளிவா விழுந்திருக்கு சார். அதான் சொல்லுதேன்."

பிறகு அவர் நிதானமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். ஒரு பார் எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கரையில் கூடப் பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரு வள்ளம் அங்கே நிற்பதை வேறு வள்ளம் பார்த்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்ச் சும்மா நிற்பார்கள். அவள் அப்பாவுக்கு அந்த ஒரு பார்தான். அதை நம்பி அவரோடு சேர்த்து நாலு வீடு. பத்து வள்ளம் ஒரு வாரம் அங்கே போய் நின்றால் போதும், பிறகு அங்கே கல்தான் இருக்கும்.

'உவமை நன்று' என்று எழுதிய சிவப்பு மை அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது.

உடனே அழித்தேன், எல்லாருக்கும் சேர்த்து. குழுவில் என் பெயருக்கு நேராக, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்து நின்றது. அதுவரை முப்பத்தொரு அட்டைகளையும் யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது ஒருவர் கேட்டார்: "சார் என்னத்த அழிச்சிய?" இன்னொருவர் குரல் செய்தி அனுப்பினார்: "சார், அந்தப் பார் படம் எனக்குத் தெறக்கல, இன்னொருக்கா போடுங்க." மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரல் மட்டும் காட்டினார். எனக்கு அவர்தான் பயமாக இருந்தார். டீ ஆறிவிட்டது. ஆறியதற்கே காசு கொடுத்தேன்.

அவள் அப்பா வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கு வந்தார். கரைக்கு வந்ததும் நேராக வந்திருக்க வேண்டும். கட்டியிருந்த சாரத்தின் ஓரம் நனைந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒளிய இடம் உண்டா என்று பார்த்தேன். என் அளவுக்கு இல்லை. அவர் சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். மகள் தன் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"காலையில ரெண்டு வள்ளம் எம்பின்னாலயே வந்துச்சு சார்" என்றார். "நான் தெக்க திரும்புனா அவியளும் தெக்க. நான் நின்னா அவியளும் நிக்காவ. அந்தப் பக்கமே போகல. சும்மா வேற எடத்துல நின்னுட்டு, வெறும் வள்ளத்தோட வந்துட்டோம்."

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. பிள்ளை மடிச்சுத்தான் ஒட்டியிருந்தா."

"தெரியும். அவ சொன்னா."

"நானே அழிச்சிட்டேன்."

"அதும் தெரியும். நீங்க அழிச்சதாலதான் அது சரியான எண்ணுன்னு அவியளுக்குத் தெரிஞ்சிது."

சும்மா இருக்க எனக்கு வராது. ஒரு யோசனை சொன்னேன். வகுப்பில் முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு பார், ஆளுக்கொரு எண் என்று மடித்து ஒட்டட்டும். எல்லாவற்றையும் குழுவில் போடுவோம். முப்பது பொய்க்குள் ஒரு உண்மையை யார் தேடுவது?

அவர் யோசித்தார். ஆனால் மகள் யோசிக்கவில்லை.

"நான் எழுத மாட்டேன் சார். மத்தவங்களையும் எழுதச் சொல்லக் கூடாது. நீங்கதான சொன்னிய, ஆதாரம் இல்லாம எழுதினா அது வதந்தின்னு."

"அது சும்மா ஒரு..."

"பரீட்சைக்கு வருமுன்னும் சொன்னிய."

அப்பா மகளைப் பார்த்தார். கோபமா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிறகு சுவரைப் பார்த்தார். அங்கே என் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கீழே 'காலைக் காட்சி' என்ற எழுத்துடன்.

"சார், கோவப்படக் கூடாது" என்றார். "எம்பிள்ளை தப்பா எழுதுவான்னு சொன்னா இந்தத் தெருவுல ஒருத்தனும் நம்ப மாட்டான். அவ கெட்டிக்காரின்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒங்களப் பத்தியும் எல்லாருக்கும் தெரியும்லா."

புரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் மட்டுமே உதவ முடியும். என் வாழ்நாளில் என் தகுதியை நம்பி ஒருவர் ஒரு வேலையை ஒப்படைத்தது அதுவே முதல் முறை.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினோம். முதலில் நான், 'ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "சிறுன்னு போட்டா நம்ப மாட்டாவ" என்றார். பெரிய பிழையாக்கினேன். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்: தன் வேலை தப்பு என்று வரக் கூடாது. அதனால் இப்படி முடிந்தது: பெற்றோருக்கு வணக்கம். நேற்றுப் போட்ட பார் படத்தில் பிள்ளை எழுதியது எல்லாம் சரி. எண்ணைச் சொல்லிக் கொடுத்தது நான். பாகையையும் நிமிடத்தையும் மாற்றிக் கணக்குப் போடும் முறையை நான் தவறாகப் புரிந்துகொண்டு, பிள்ளையின் எண்ணைத் திருத்தி எழுத வைத்துவிட்டேன். பிழை தெரிந்ததால் படத்தை நீக்கினேன். மன்னிக்கவும்.

அழித்ததற்கும் இதிலே காரணம் வந்துவிட்டது என்பதைக் கவனித்தவர் அவர்தான். "நல்லாருக்கு" என்றார். நான் நடத்திய பாடத்தில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகள் என்று ஒரு பகுதி இருந்தது. மகள் அந்த வழிகளையெல்லாம் இதற்குப் போட்டுப் பார்த்தாள். "ஒண்ணுலயும் மாட்டல சார்" என்றாள், கொஞ்சம் வருத்தமாக.

அனுப்பினேன். மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாராவது சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில், 'சார் அப்படியெல்லாம் பண்ண மாட்டாரே' என்று ஒரு குரலாவது வராதா?

வந்தவை இவை. "பரவால்ல சார், நாங்க அப்பவே நெனச்சோம்." "கடலையே எடம் மாத்துன ஆளு, பாரு எம்மாத்திரம்." "சார், இனி கணக்குப் பாடத்தை டீச்சர்ட்ட குடுத்திருங்க." முதல் நாள் கட்டைவிரல் காட்டியவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது இடத்தில் சரிபார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தப்பு செய்தேன் என்பதற்கு இந்த ஊரில் ஆதாரம் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அப்பாவின் வள்ளத்துக்குப் பின்னால் ஒருவரும் போகவில்லை என்று மகள் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று மாதா கோயில் பூசை முடிந்ததும் பெற்றோர்கள் அப்படியே கண்காட்சிக்கு வந்தார்கள். அவள் அட்டை சுவரில் இருந்தது. மடித்த தாளின் நாலு ஓரத்தையும் இப்போது பசை போட்டு அடைத்திருந்தாள். தலைமையாசிரியை நகத்தால் ஓரத்தைத் தூக்கப் பார்த்தார்.

"இது என்னம்மா, தொறக்கவே மாட்டேங்கு?"

"ஆதாரம் டீச்சர்."

"ஆதாரத்த ஏன் அடைச்சு வச்சிருக்க?"

"அதுக்குக் கடவுச்சொல் உண்டு டீச்சர்" என்றாள், முகத்தில் எதையும் காட்டாமல்.

தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திமிங்கிலத்தின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மறு வாரம் கணக்குப் பாடம் என்னிடமிருந்து போய்விட்டது. நூலகச் சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் மீன் ஏலம் போடும் இடத்தில் அவள் அப்பாவைப் பார்த்தேன். நல்ல களவா மீன் இரண்டு அவர் காலடியில் கிடந்தன. எனக்கு ஒன்றும் எடுத்துத் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர் என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். அந்த எண்ணு சரியான எண்ணே இல்ல."

"எது?"

"மிஷின்ல கெடக்கது. புள்ளி அடிக்கும்போதே நான் தள்ளித்தான் அடிப்பேன். எவ்வளவு தள்ளின்னு எம்மனசுல இருக்கு. மிஷின் தொலைஞ்சு போகும், எவனாவது எடுப்பான். பிள்ளை கையில குடுத்து பேட்டரி மாத்தச் சொல்லுத மிஷின்ல சரியானத வைப்பனா?"

"அப்போ அன்னைக்கு அந்த மூஞ்சியோட வந்து உக்காந்தியளே அண்ணாச்சி?"

"அதப் பாத்துதான நீங்களே நம்புனிய."

சொல்லிவிட்டு ஏலக்காரரின் குரல் கேட்ட பக்கம் போய்விட்டார். அவர் சொன்னது உண்மையென்றால், நான் குழுவில் அனுப்பிய செய்தி, எண் தப்பு என்ற வரையில், நான் எழுதியதிலேயே சரியான செய்தி. உண்மை இல்லையென்றால், அவர் இதை என்னிடம் சொன்னதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: இந்தத் தெருவில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

விதிப்படி இரண்டாவது இடத்தில் சரிபார்க்கப் போனேன். அவள் இப்போது ஆறாம் வகுப்பில், வேறு பள்ளியில். சாயங்காலம் எங்கள் அலமாரியில் புத்தகம் மாற்ற வருவாள். அப்பா இப்படிச் சொல்லுதாவளே, நீ என்ன சொல்லுத என்று கேட்டேன். புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒங்கள்ட்ட சொன்னா நீங்க எல்லார்ட்டயும் சொல்லிருவிய சார்."

ஆகவே இரண்டாவது ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றை வைத்துக்கொண்டு, அவர் எதிர்பார்த்தபடியே இதை இங்கே எழுதுகிறேன். அந்த எண் தப்பு. யாரும் அங்கே போக வேண்டாம்.

ஆதாரம்: பிள்ளையின் அப்பா, மீன் ஏலம் போடும் இடம், ஒரு மத்தியானம்.